விடியாத ராத்திரி: விண்வெளித் திகில் படம் பார்க்கப் பழகுவது எப்படி?

மதுரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பேய்க்கதை புதிதில்லை. ஊருக்கு ஒரு புளியமரம், கண்மாய்க் கரையில் ஒரு முனி, உச்சிப்பொழுதில் தனியாகப் போகக் கூடாத ஒரு கிணறு என்று எல்லாருக்கும் ஒரு சொத்து உண்டு. இந்தக் கதைகளில் பயத்தோடு மருந்தும் சேர்ந்தே வரும். திருநீறு பூசினால் விலகும். பாண்டி கோயிலில் கயிறு கட்டினால் அடங்கும். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பிடம் முறையிட்டால் கணக்குத் தீரும். ஒன்றுமே கைகொடுக்காவிட்டாலும் கோழி கூவும்வரை தாக்குப்பிடித்தால் போதும், பொழுது விடிந்துவிடும்.

விண்வெளித் திகில் படம் முதலில் பிடுங்கிக்கொள்வது அந்த மருந்தைத்தான். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் வெளியே தெரு கிடையாது. கத்தினால் பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். பொழுது விடியவே விடியாது. பூமியிடம் உதவி கேட்கலாமென்றால், நெப்டியூன் பக்கத்திலிருந்து அனுப்பும் செய்தி இங்கே வந்து சேரவே சுமார் நாலு மணி நேரம் ஆகும். பதில் போக இன்னொரு நாலு மணி நேரம். ஜந்து, ரத்தம், கோரம் எல்லாம் இதற்கு மேல் வருகிற சங்கதிகள். பலர் இந்த வகைப் படத்தை ஜந்துக்காகப் பார்க்க உட்கார்ந்து, 'ஜந்து வரவே இல்லையே' என்று பாதியில் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவும், 'பேய்ப் படமெல்லாம் பார்ப்பேன், இந்த இங்கிலீஷ் சயின்ஸ் படம்தான் ஒட்டமாட்டேங்குது' என்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி.

முதல் வேலை: இடம், நேரம், சத்தம்

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் ஓடிய ரீகல் டாக்கீஸ் ஒரு காலத்தில் ஆங்கிலப் படத்துக்கென்றே பேர் வாங்கியிருந்தது. இன்றைக்கு அப்படி ஒரு தனி இடம் இல்லை. இந்த வகையில் புதுப்படம் வந்தால் மல்டிபிளெக்ஸ்களில்தான் வரும், அதுவும் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. அதனால் வெள்ளிக்கிழமை வந்தால் அந்த சனி, ஞாயிறுக்குள் போய்விடுங்கள். இரவுக் காட்சி கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய படங்கள் எல்லாம் வீட்டில்தான். எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறும், ஆகவே பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சில படங்களை வாடகைக்கு மட்டுமே எடுக்க முடியும்.

வீட்டில் பார்ப்பதென்றால் இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். சட்டப்படி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். சித்திரையிலும் ஆடியிலும் அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. திருவிழா நாளில் இந்த வகைப் படத்தைத் தொடவே வேண்டாம். குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு ஒலிக்கும்போது எந்த வேற்றுக்கிரக ஜந்தும் எடுபடாது.

சத்தம்தான் இந்தப் படங்களின் உயிர். இன்ஜின் முனகல், குழாயில் சொட்டும் தண்ணீர், ஒருவர் மூச்சு விடும் ஓசை, அப்புறம் திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போவது, இவ்வளவையும் டிவியின் சின்ன ஸ்பீக்கரும் தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேனும் சேர்ந்து விழுங்கிவிடும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும், ஹோம் தியேட்டர் வேண்டியதில்லை. டிவியில் 'நைட் மோடு' என்று ஒலியைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மெல்லிய ஓசையை ஏற்றி, பெரிய ஓசையை இறக்கி, இயக்குநர் பார்த்துப் பார்த்து வைத்த ஏற்ற இறக்கத்தை மட்டமாக்கிவிடும். படத்தை வழவழவென்று சீரியல் மாதிரி காட்டும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியையும் அணையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், பட அமைப்புகளுக்குள் தேடினால் அகப்படும். டியூப் லைட்டும் அணைய வேண்டும். இருட்டுக் காட்சிகள் அதிகம். கண்ணாடி போன்ற திரையில் உங்கள் வீட்டு பீரோ தெரிந்துகொண்டிருந்தால் பயம் எங்கிருந்து வரும்?

மொழியைப் பொறுத்தவரை என் கட்சி, மூல ஒலியும் கீழே எழுத்தும். தமிழ் டப்பிங்மேல் எனக்கு வெறுப்பில்லை. சண்டைப் படங்களுக்கு அது தனி ருசி. ஆனால் டப்பிங்கில் சும்மா இருக்கும் இடம் பார்த்தாலே ஒரு வசனத்தைத் திணிக்கும் பழக்கம் உண்டு, இந்தப் படங்களோ அந்தச் சும்மா இருக்கும் இடத்தில்தான் வேலை செய்கின்றன. வசனமும் ரொம்பக் குறைவு. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் தாராளமாகப் போதும்.

கூட யார் இருக்கலாம்? ஒருவர், மிஞ்சினால் இருவர். கூட்டமாக உட்கார்ந்தால் காமெடிப் படமாகிவிடும். சின்னப் பிள்ளைகள் வேண்டாம்.

தொடக்கம்: ஜந்து இல்லாத படம்

நேராக ஜந்துப் படத்துக்குப் போகாமல், 2013இல் வந்த 'கிராவிட்டி'யில் தொடங்கச் சொல்வேன். அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கியது, ஒன்றரை மணி நேரம்தான். அதைத் திகில் படம் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. பேயும் கிடையாது, கொலையும் கிடையாது. பூமியைச் சுற்றி வேலை பார்த்துக்கொண்டிருக்கும் இருவர்மேல் உடைந்த செயற்கைக்கோள்களின் துண்டுகள் வந்து மோதுகின்றன. சுற்றிவிட்டு 90 நிமிடத்தில் அவை திரும்ப வரும். அவ்வளவுதான் கதை.

இதை முதலில் பார்ப்பதால் ஒரு லாபம் உண்டு. வெட்டவெளியில் பிடிமானம் இல்லாமல் மிதப்பது எவ்வளவு பெரிய பயம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். காற்றில்லாத இடத்தில் ஓசை பரவாது என்பதால், வெளியே எவ்வளவு பெரிய மோதல் நடந்தாலும் வெடிச்சத்தம் வைக்கவில்லை. நாயகியின் உடையைத் தொட்டு வரும் அதிர்வும் பின்னணி இசையும்தான் நமக்குக் கேட்கும். அந்த அமைதியைக் காது பழகிக்கொண்டால் மற்ற படங்களுக்கு நீங்கள் தயார்.

அப்புறம் 'ஏலியன்'

1979, ரிட்லி ஸ்காட். இந்த வகையில் ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைத்தான் கையில் கொடுப்பேன். 117 நிமிடம். 2003இல் இயக்குநர் மறுபடி வெட்டி ஒட்டிய இன்னொரு வடிவமும் இருக்கிறது. முதல் தடவை 1979 வடிவத்தையே பாருங்கள்.

முதல் அரை மணி நேரத்தில் பயப்பட ஒன்றும் நடக்காது. தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். அங்கேதான் படம் தன் அஸ்திவாரத்தைப் போடுகிறது. நோஸ்ட்ரோமோ என்ற அந்தக் கப்பல் ஏதோ பளபளக்கும் ராக்கெட் என்று நினைக்க வேண்டாம். தாதுமண் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும் லோடு லாரி மாதிரிதான் அது. உள்ளே ஏழு பேர், ஒரு பூனை. தூக்கம் கலைந்து எழுந்ததும் அவர்கள் பேசும் முதல் பெரிய பேச்சே காசைப் பற்றியது. கீழ்த்தளத்து மெக்கானிக்குகள் இருவர், 'மேலே இருக்கிறவர்களுக்குக் கிடைக்கிற பங்கு எங்களுக்கு ஏன் இல்லை' என்று முறுக்கிக்கொள்கிறார்கள். பேட்டா தகராறு. ஒத்தக்கடையிலிருந்து திண்டுக்கல்லுக்கு லோடு அடிக்கிறவர்கள் யாருக்கும் இந்த உரையாடலுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

என் அப்பத்தா ஒருமுறை ஹாலைக் கடக்கும்போது இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எதுக்குடா இவைங்க அந்த முட்டைக்குள்ள போயி மூஞ்சிய விடுறாய்ங்க? காசு எதுவும் தர்றாய்ங்களா?" சரியாகச் சொன்னார். வழியில் ஒரு சமிக்ஞை கேட்டால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பங்குத்தொகை மொத்தமும் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆசைப்பட்டோ துணிச்சலிலோ அவர்கள் அங்கே இறங்கவில்லை. சம்பளத்துக்காக இறங்குகிறார்கள். அவர்கள் உயிரைவிட நிறுவனத்துக்கு முக்கியமான சரக்கு எது என்பது போகப்போகத் தெரியும்; நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு இடத்தைக் கவனியுங்கள். வெளியே போய் அடிபட்டு வந்த ஆளை உள்ளே விடச் சொல்லி மற்றவர்கள் கதவைத் தட்ட, சிகர்னி வீவர் நடிக்கும் ரிப்ளி மறுக்கிறார். 24 மணி நேரம் தனிமைப்படுத்தல் விதி, யாராக இருந்தாலும் விதி விதிதான் என்கிறார். கொரோனாவுக்கு முன்னால் பார்த்தவர்களில் பலருக்கு ரிப்ளி கல்நெஞ்சுக்காரியாகத் தெரிந்திருப்பார். 2020க்குப் பிறகு பார்க்கிற யாரும் அவர் பக்கம்தான் நிற்பார்கள். திரைக்கதையிலேயே பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம் என்கிற மாதிரிதான் எழுதியிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, ரிப்ளியை யாரும் பெண் என்பதற்காகக் காப்பாற்ற வருவதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை.

படத்தின் நடுவே ஒரு சாப்பாட்டு மேஜைக் காட்சி வரும். என்ன நடக்கும் என்று சொல்லப்போவதில்லை, ஆனால் ஒரு எச்சரிக்கை: அன்றைக்கு ராத்திரி பரோட்டாவும் குடல் குழம்பும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். அந்தக் காட்சிக்குக் கசாப்புக் கடை உறுப்புகளையும் உண்மையாகவே பயன்படுத்தினார்கள். எவ்வளவு ரத்தம் பீய்ச்சும் என்பதை நடிகர்களுக்கு முழுதாகச் சொல்லாமல் பல கேமராக்களை ஓடவிட்டு எடுத்தார்கள். மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் முகத்தில் நீங்கள் பார்ப்பதில் பாதி நடிப்பே இல்லை.

ஜந்துவை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் ஹெச்.ஆர். கீகர். அதன் உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ என்ற நைஜீரியர். ஏழடியைத் தொடும் உயரம், லண்டனில் படித்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். இவ்வளவு சிரமப்பட்டுச் செய்ததைப் படம் முழுக்கச் சில நிமிடங்களுக்கு மேல் காட்டவில்லை என்பதுதான் ஸ்காட்டின் சாமர்த்தியம். ஒரு கை, ஒரு வால், தண்ணீர் சொட்டும் ஒரு தாடை, அவ்வளவுதான். மீதியை நம் மூளை வரைந்துகொள்ளும், நம் மூளைக்கு நம்மை எங்கே தொட்டால் நடுங்கும் என்று தெரியும்.

அடுத்தது உங்கள் பயம் எதுவோ அது

இதுவரை வந்தவர்களுக்கு இனி வரிசை தேவையில்லை. எது உங்களைத் தொந்தரவு செய்கிறது என்று பார்த்துப் போகலாம்.

பாழடைந்த பங்களாப் படங்களில் வளர்ந்தவர் என்றால் 'ஈவென்ட் ஹொரைஸன்', 1997. ஏழு வருடம் முன் காணாமல் போன கப்பல் நெப்டியூன் அருகே திரும்ப வந்து நிற்கிறது. உள்ளே யார், எங்கே போய் வந்தது என்று பார்க்க ஒரு மீட்புக் குழு போகிறது. பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தை மனதில் வைத்து அந்தக் கப்பலை வடிவமைத்தார்கள் என்பதால் தாழ்வாரமெல்லாம் கோயில் பிராகாரம் போல நீண்டு போகும். வெளியானபோது படுதோல்வி. பிறகுதான் ஆட்கள் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோரம் அதிகம், சில இடங்களில் தேவைக்கு மேலேயே. இளகிய வயிறு உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

இருட்டுதான் பயம் என்றால் 'பிட்ச் பிளாக்', 2000. மூன்று சூரியன் உள்ள கிரகத்தில் கிரகணம் வருகிறது, வெளிச்சத்தில் வராதவை வெளியே வருகின்றன. வேகமான படம். மின்வெட்டுக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழர்களுக்கு டார்ச் விளக்கின் அருமை தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'இதெல்லாம் ரொம்பத் தூரத்துக் கதை' என்று தோன்றினால் 'லைஃப்', 2017. நம் தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடப்பது. செவ்வாய் மண்ணிலிருந்து ஒரு செல்லை எழுப்புகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். 'ஏலியன்' பார்த்தவர்களுக்குக் கதை முன்கூட்டியே தெரிகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்காகப் பார்க்கலாம்.

எனக்கு இவற்றில் ரொம்ப நெருக்கமானது 'சன்ஷைன்', 2007, டேனி பாய்ல் இயக்கியது. இந்த வகையில் எல்லாரும் இருட்டை வைத்துப் பயமுறுத்த, இவர் வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிறார். சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது, அதை மறுபடி மூட்ட எட்டுப் பேர் ஒரு குண்டோடு போகிறார்கள். தொடக்கத்திலேயே ஒரு காட்சி: கப்பலின் பார்வை அறையில் உட்கார்ந்து ஒருவர், சூரியனை அதன் முழு வெளிச்சத்தில் 4 சதவீதம் காட்டு என்று கணினியிடம் கேட்கிறார். கண் போய்விடும் என்கிறது அது, வேண்டுமானால் 3.1 சதவீதம், 30 விநாடிக்கு மேல் முடியாது. அந்த முப்பது விநாடியில் அவர் முகத்தில் வரும் பரவசம் கொலையைவிடப் பயங்கரமானது. அக்னி நட்சத்திரத்தில் நண்பகல் மாசி வீதியைக் கடந்தவர்களுக்கு வெயில் வெறும் வெளிச்சமில்லை என்பது தெரியும், ஆனால் அதையே ஒருவன் கும்பிட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் படம் காட்டுகிறது. கடைசி மூன்றிலொரு பங்கில் படம் வேறு மாதிரி ஓட ஆரம்பிக்கும், அங்கே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எனக்கும் அந்தப் பகுதி முழுசாக ஒப்பவில்லை. அதற்காக முன்னால் இருக்கும் ஒரு மணி நேரத்தை விடுவதற்கில்லை.

தள்ளிப் போடுங்கள்

'ஏலியன்' பிடித்துப்போன வேகத்தில் அதன் தொடர்ச்சிகள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டாம். 1986இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸ்' அருமையான படம், ஆனால் துப்பாக்கி ஏந்திய போர்ப்படம். பயம் வேறு ருசி. 2012இன் 'புரொமீதியஸ்' கதைக்கணக்கில் முன்னால் நடப்பது என்பதற்காக அதை முதலில் பார்ப்பது பலர் செய்வது. அப்படிச் செய்தால் முட்டைக்குள் என்ன என்ற கேள்வியே செத்துவிடும். வெளிவந்த வரிசையில் பார்ப்பதுதான் சரி. 2024இன் 'ஏலியன்: ரொமுலஸ்' முதல் இரண்டு படங்களுக்கும் நடுவில் நடக்கிறது, அந்த இரண்டையும் பார்த்த பிறகு உட்கார்ந்தால் அங்கங்கே ஒளித்து வைத்திருப்பது பிடிபடும்.

தமிழில் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். 1963இலேயே எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து போயிருக்கிறார்கள். 2018இல் ஜெயம் ரவி நடித்த 'டிக் டிக் டிக்' விண்வெளிக்கே போய் வந்தது. இரண்டும் பயமுறுத்துவதற்காக எடுத்த படங்கள் இல்லை.

அறிவியலை எவ்வளவு நம்பலாம்?

கூட உட்கார்ந்திருக்கும் யாராவது 'இதெல்லாம் நடக்குமா' என்று ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல இவ்வளவு போதும். விண்வெளி உடை கிழிந்தால் மனிதன் பலூன் மாதிரி வெடிக்கமாட்டான். பத்துப் பதினைந்து விநாடிக்கு நினைவு இருக்கும், அப்புறம் மயக்கம், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் காற்று கிடைத்தால் பிழைக்கவும் வாய்ப்புண்டு. 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் சோதனை செய்துகொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடையில் காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் மயங்கினார். நாக்கில் எச்சில் கொதிப்பது போல உணர்ந்ததுதான் கடைசி நினைவு என்று பிறகு சொன்னார். பிழைத்தும் கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் ஆபத்து, உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். 'ஈவென்ட் ஹொரைஸன்' படத்தில் கேப்டன் ஒருவனிடம் காற்றையெல்லாம் ஊதி வெளியே விடச் சொல்லிக் கத்துவது அதனால்தான். ஆனால் 'சன்ஷைன்' காட்டுவது போல ஒரு நொடியில் ஐஸ்கட்டியாக உறைந்து உடைவது நடக்காது. சூட்டை வாங்கிக்கொண்டு போக வெளியே காற்றே இல்லை, உடம்பு மெதுவாகத்தான் குளிரும்.

பார்த்து முடித்ததும் தூக்கம் பிடிக்காவிட்டால் பெரிய பிரச்சினையில்லை. நாம் இருப்பது மதுரையில். பெரியார் நிலையத்துப் பக்கம் ஒரு நடை போனால் எந்நேரமும் டீ கிடைக்கும், மனித முகங்களும் கிடைக்கும்.

பட்டியலில் ஒன்று பாக்கி: 'யூரோப்பா ரிப்போர்ட்', 2013. கப்பலுக்குள் பொருத்திய கேமராக்களில் பதிவானது போலவே எடுத்த சின்னப் படம். வியாழனின் நிலவான யூரோப்பாவில், பனிக்கட்டி ஓட்டுக்குக் கீழே கடல் இருக்கிறது, அங்கே உயிர் இருக்குமா என்று பார்க்க ஆறு பேர் போகிறார்கள். ஜந்துவைவிட, இன்னும் ஒரு அடி போய்ப் பார்த்துவிடலாம் என்ற அவர்களின் ஆவல்தான் இதில் ஆளைக் கொல்லும். ஆளில்லாமல் என்றாலும் நிஜத்திலும் அங்கே ஒன்று போய்க்கொண்டிருக்கிறது: நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்பியது, 2030இல் வியாழனை அடையும். அதற்குள் இந்தப் படத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.